பழுதைச் சொல்லி விற்ற படகு



சென்ற வாரம் பள்ளி விட்ட பிறகு, நான்காம் ஆண்டில் படிக்கும் ஒரு மாணவனின் தந்தை என்னைத் தேடி வந்தார். செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவர். கையில் ஒரு துண்டுத் தாள் வைத்திருந்தார்.

"சார், மோட்டார் சைக்கிளை விக்கலாம்னு இருக்கேன். சாப்பாட்டுக் கடையில ஒட்டறதுக்கு ஒரு விளம்பரம் எழுதிக் கொடுங்க. தமிழ்லயும் மலாய்லயும் இருந்தா நல்லது" என்றார்.

என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன்.

"நல்லாப் பராமரிச்ச வண்டி, ஒரு பழுதும் கிடையாதுன்னு போடுங்க சார்."

பேனாவை எடுத்தவன் சும்மா இருந்திருக்கலாம். "உண்மையிலேயே ஒரு பழுதும் இல்லையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். "கியர் மூணுலேருந்து நாலுக்கு மாத்தறப்ப சில நேரம் நழுவும். ஓட்டிப் பாக்கறவனுக்கு முதல் நாள்ல தெரியாது சார்."

என் பேனா அங்கேயே நின்றது. நாளைக்கு எழுதித் தருகிறேன் என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டேன். அவர் கெட்டவர் அல்லர். பிள்ளைக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்கவும் மனைவிக்கு மருந்து வாங்கவும் பணம் தேவைப்பட்டது. ஆனால் "நன்றாகப் பராமரித்தது" என்ற இரண்டு சொற்களைக் கேட்டதுமே எனக்கு ஒரு படகு நினைவுக்கு வந்துவிட்டது. என் தந்தையார் 1991-ஆம் ஆண்டில் விற்றுக் கொடுத்த ஒரு சின்னப் பாய்மரப் படகு.

படகு விற்ற கதை தோட்டத்து மக்களுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். நியாயந்தான். நம்மில் பலர் கடலைப் பார்ப்பதே ஆண்டுக்கு ஒரு முறை, பள்ளி விடுமுறையில் தெலுக் கெமாங் கடற்கரைக்குப் போகும்போதுதான். ஆனாலும் சைக்கிள், தையல் இயந்திரம், ஆடு மாடு, பழைய தொலைக்காட்சிப் பெட்டி என்று ஏதாவது ஒன்றை விற்காத குடும்பம் உண்டா? கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது போர்ட்டிக்சன் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். அப்பா அங்கே ஆசாரி. லயத்துக் கதவு, பெரட்டுக்களத்துப் பெஞ்சு, பங்களாவின் சன்னல், யாராவது இறந்தால் பெட்டி, எல்லாம் அவர் கை வேலைதான். 1974-இல் அந்தத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் இருந்தார். சீமையிலிருந்து அவருக்குத் தட்டையான ஒரு பெரிய பெட்டி வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே வெட்டி வைத்த ஒட்டுப்பலகைகள், செப்புக் கம்பிச் சுருள், கண்ணாடி இழை நாடா, பிசின் டின்கள். "இது படகு. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உதவி செய்" என்றார் துரை. அப்பாவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது.

தச்சனுக்கு ஆணியும் உளியும் தெரியும். துணி தைப்பதைப் போலப் படகைத் தைப்பதை அப்பா அதற்கு முன் கண்டதில்லை. பலகைகளின் ஓரத்தில் சின்னச் சின்னத் துளை போட்டு, இரண்டு பலகைகளையும் சேர்த்துச் செப்புக் கம்பியால் முடிச்சுப் போட வேண்டும். எல்லாப் பலகைகளும் சேர்ந்து படகு வடிவம் வந்ததும், மூட்டுகளின் மேல் இழை நாடாவை வைத்துப் பிசின் பூசினால் அது கல்லாக இறுகிவிடும். "மாவு பிசைஞ்சு பலகாரம் செய்யற மாதிரி ஒரு படகு" என்று அப்பா சொல்லுவார்.

அந்தப் படகுக்கு மிரர் என்று பெயர். அதற்கும் ஒரு கதை உண்டு. இங்கிலாந்தில் டெய்லி மிரர் என்பது தொழிலாளிகள் விரும்பிப் படிக்கிற செய்தித்தாள். பாய்மரப் படகு பணக்காரர்களுக்கு மட்டுமே உரியதாக இருக்கக் கூடாது, சாதாரணக் குடும்பத்துக்காரனும் வீட்டிலேயே ஒன்றைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற நோக்கத்தோடு அந்தச் செய்தித்தாள் முன்வந்தது. படகுக் கலைஞர் ஜாக் ஹோல்ட் என்பவரும், வீட்டு வேலைகளைத் தாமே செய்து கொள்வது எப்படி என்று தொலைக்காட்சியில் கற்றுக் கொடுத்த பேரி பக்நெல் என்பவரும் சேர்ந்து 1962-இல் இதை வடிவமைத்தார்கள். அப்போது விலை 63 பவுன் 11 ஷில்லிங். நீளம் 10 அடி 10 அங்குலம், அகலம் 4 அடி 7 அங்குலம், வெறும் படகின் எடை 100 இராத்தல், அதாவது ஏறக்குறைய 45 கிலோ. இரண்டு பேர் தூக்கிக் காரின் கூரை மேல் கட்டிவிடலாம். பாய்மரத்தையும் இரண்டு துண்டாகப் பிரித்துப் படகுக்குள்ளேயே வைத்துவிடலாம். பாய் சிவப்பு நிறம். இதுவரை உலகத்தில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மிரர் படகுகள் கட்டப்பட்டிருக்கின்றன.

சின்னப் படகுதானே என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். ஏ. ஜே. மெக்கின்னன் என்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் 1997-இல் இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷயர் பகுதியிலிருந்து ஒரு பழைய மிரர் படகில் கிளம்பினார். ஆறு, கால்வாய், கடல் என்று போய்க்கொண்டே இருந்து மறு ஆண்டு கருங்கடலையே எட்டிவிட்டார். 2002-இல் அந்தப் பயணத்தைப் புத்தகமாகவும் எழுதினார். என் தொழில்காரர் என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். வழியெல்லாம் அந்தப் படகுக்குப் பழுது வந்துகொண்டே இருந்தது, அவரும் சரிபார்த்துக்கொண்டே போனார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தொழிலாளிக்காகப் பிறந்த படகு நம் நாட்டுக்கு வந்ததும் துரை வீட்டு விளையாட்டுப் பொருளாகிவிட்டது. அது இருக்கட்டும். 1982-இல் அந்த வெள்ளைக்காரத் துரை ஊர் திரும்பினார். அடுத்து வந்த துரை இந்நாட்டுக்காரர். படகை அவர் விலைக்கு வாங்கிக்கொண்டார். துரை மாறினாலும் படகைப் பார்த்துக்கொள்ளும் ஆசாரி மாறவில்லை. அந்த ஆண்டிலிருந்து அப்பா ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். கடைக்காரர் நம் கடன் கணக்கை எழுதி வைப்பாரே, அந்த 555 சின்னப் புத்தகம், அதில் ஒன்றைப் படகுக்கென்று வாங்கினார். எந்த மாதம் வார்னிஷ் அடித்தார், எந்தக் கயிற்றை மாற்றினார், எந்த இடத்தில் கீறல் கண்டார் என்று தமிழில் எழுதி வைத்தார். ஒவ்வொரு முறை கடலுக்குப் போய் வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுவார். பாயை நிழலில் காயவைத்துச் சுருட்டுவார். வெயில் பட்டால் பாய்த் துணிக்கு முன்னால் தையல் நூல் செத்துவிடும் என்பார். படகைக் கவிழ்த்து, அடியில் காற்றுப் புகும்படி இரண்டு கட்டைகள் மேல் வைப்பார்.

உங்களுக்கு வியப்பாக இருக்கும், மரப் படகுக்குக் கடல் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் பெரிய எதிரி. உப்பு நீரில் மரத்தை அரிக்கும் பூஞ்சை எளிதில் வளராது. மழை நீர் ஒரு மூலையில் தேங்கி, காற்றும் வெளிச்சமும் படாமல் கிடந்தால், பலகை உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

1991-ஆம் ஆண்டு தொடக்கத்தில் துரைக்குச் சபாவுக்கு மாற்றல் வந்தது. அப்பாவை அழைத்து, "ஆசாரி, படகை விற்றுவிடு. எனக்கு 1,200 வெள்ளி போதும். அதற்கு மேல் எவ்வளவு கிடைத்தாலும் நீயே எடுத்துக்கொள். இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டவன் நீதானே" என்றார். பெருந்தன்மையான மனிதர், மறக்க முடியாது.

அப்போது எங்கள் வீட்டு நிலையைச் சொல்ல வேண்டும். அக்காள் எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடிவுக்குக் காத்திருந்தாள். சிரம்பானில் எல்.சி.சி.ஐ. கணக்கியல் வகுப்பு ஏப்ரலில் தொடங்குவதாக இருந்தது. கட்டணம் 380 வெள்ளி. அம்மா பால் வெட்டு. மாதக் கடைசியில் கடைக்கடன் போக மிஞ்சுவது எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. துரை சொன்னதைக் கேட்டதும் அம்மா கணக்குப் போட்டுவிட்டார். படகு 1,600 வெள்ளிக்குப் போனால் 400 வெள்ளி. வகுப்புக்கும் ஆயிற்று, பஸ் காசுக்கும் ஆயிற்று.

படகு விற்கும் செய்தி போர்ட்டிக்சனில் பரவியது. இராணுவ முகாமில் வேலை பார்த்த மலாய்க்கார அதிகாரி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். அதற்கு முந்தின புதன்கிழமை அப்பா ஒரு காரியம் செய்தார். ரப்பர்க் கட்டு நிறுக்கும் பெரிய தராசில் படகை ஏற்றி நிறுத்தார். எடையைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான். தராசு 118 இராத்தல் காட்டியது.

புதிதில் 100. பதினேழு ஆண்டுகள் அடித்த பெயிண்டும் வார்னிஷும் ஏழெட்டு இராத்தல் இருக்கலாம். மிச்சம் எங்கிருந்து வந்தது? அப்பா அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் வேலை முடிந்ததும் படகின் ஒவ்வொரு பலகையையும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். நானும் கூடவே இருந்தேன். நல்ல பலகை 'டக் டக்' என்று கணீரென ஒலிக்கும். ஓரிடத்தில் சத்தம் மங்கியது. அது வலப்பக்க இருக்கைக்குக் கீழே.

மிரர் படகில் இருபுறமும் இருக்கிற இருக்கைகள் உள்ளே வெற்றிடமாக இருக்கும். அவை காற்றறைகள். படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் மிதக்கச் செய்பவை அவைதாம். வலப்பக்க அறையின் அடைப்பைத் திருகி எடுத்து அப்பா கையை விட்டார். விரலில் ஈர மரத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே அடிப்பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு இற்றுப்போயிருந்தது. வெளிப்பக்கம் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. அப்பாவே அடித்த பெயிண்ட்.

வீட்டில் அன்றிரவு நடந்த பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. எனக்கு வயது பதினொன்று. படுத்திருந்தேன், தூங்கவில்லை.

"வெளியில தெரியுதா?" என்று அம்மா கேட்டார்.

"தெரியல."

"அப்ப விடுங்க."

"ஏம்மா, கடல்ல போற சாமான் இது."

"நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லலீங்க. அவரு கேட்டா உள்ளதைச் சொல்லுங்க. கேக்காததுக்கு நாம ஏன் வாயைத் திறக்கணும்? வாங்கறவருக்குக் கண்ணு இல்லையா?"

அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அவருக்குக் கேக்கத் தெரியாது. எங்க தட்டணும், எங்க கை விடணும்னு தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்" என்றார்.

"புள்ளை படிப்பு?" என்றார் அம்மா. அதற்கு அப்பாவிடம் பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த அதிகாரி வந்தார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கூட வந்திருந்தார்கள். பையனுக்கு ஒன்பது வயது இருக்கும், பெண் அதற்கும் சின்னவள். வந்த உடனே அந்தப் பெண் படகுக்குள் ஏறி வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். அதிகாரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வார்னிஷைத் தடவினார். சிவப்புப் பாயை விரித்துப் பார்த்தார். விலை கேட்டார். 1,600 என்றார் அப்பா. அதிகாரி பேரம் பேசவே இல்லை. சட்டைப்பையிலிருந்து பணத்தை எடுத்து எண்ணத் தொடங்கினார்.

"நந்தி டுலு, துவான்" என்றார் அப்பா. பொறுங்கள் ஐயா என்று அர்த்தம். சிறுமியை மெல்ல இறக்கிவிட்டு, அடைப்பைத் திருகி எடுத்தார். அதிகாரியின் கையைப் பிடித்து உள்ளே விடச் செய்தார். "சினி சூடா ரெப்புட்." இங்கே இற்றுப்போய்விட்டது.

அதிகாரி விரலில் ஒட்டிய தூளைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். பணத்தைத் திரும்பவும் பையில் வைத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார். லயத்துக் கோடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனார். மூன்று நாள் வீட்டில் அம்மாவின் குரலே கேட்கவில்லை, பாத்திரங்களின் சத்தம்தான் கேட்டது.

அப்பா சும்மா இருக்கவில்லை. இருக்கையின் மேற்பலகையில் வட்டமாக ஒரு திறப்பு வெட்டினார். இற்ற பலகையை நல்ல மரம் தெரியும் வரை வெட்டி எடுத்தார். ஓரங்களைச் சரிவாகச் சீவி, புதுப் பலகையை அதே சரிவில் பொருத்தி, பிசினும் இழை நாடாவும் வைத்து மூடினார். வெட்டிய திறப்புக்குத் திருகு மூடி ஒன்று வாங்கிப் போட்டார். இனி யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், காற்றும் போகும். சாமான் செலவு 42 வெள்ளி, சொந்தக் காசு. பிறகு என்னை உட்கார வைத்தார். 555 புத்தகத்தில் ஒன்பது ஆண்டுகளாகத் தமிழில் எழுதியிருந்ததை எல்லாம் மலாயில் எழுதச் சொன்னார். என் பள்ளிக்கூட நோட்டில் எட்டுப் பக்கம் வந்தது. கடைசி வரி, இந்தப் பழுது எப்போது கண்டது, எப்படிச் சரி செய்தது என்பது. அந்த நோட்டை அதிகாரிக்குக் கொடுத்தனுப்பினார்.

மூன்று வாரம் கழித்து அவர் மறுபடியும் வந்தார். இந்த முறை பேரம் பேசினார். ஒட்டுப்போட்ட படகு அல்லவா? 1,350 வெள்ளிக்கு முடிந்தது. துரைக்கு 1,200 போக அப்பாவுக்கு 150. அதில் 42 வெள்ளி ஏற்கெனவே போய்விட்டது. கையில் நின்றது 108 வெள்ளி. அக்காள் ஏப்ரல் வகுப்புக்குப் போகவில்லை. ஆறு மாதம் அம்மாவோடு பால் காட்டுக்குப் போய்ச் சேர்த்து, அக்டோபர் வகுப்பில்தான் சேர்ந்தாள்.

வாசகர்களே, நல்லது செய்தவருக்கு உடனே நல்லது நடந்தது என்று முடிக்க எனக்கும் ஆசைதான். நடந்தது இதுதான்.

பின்னாளில் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த பிறகு, சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று படித்துப் பார்த்தேன். நம் நாட்டில் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் ஒன்று உண்டு. பொய் சொல்லி விற்றால் வாங்கியவர் அந்த ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம் என்று அது சொல்கிறது. ஆனால் வெறுமனே வாய் திறக்காமல் இருப்பது பொதுவாக மோசடி ஆகாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. சொல்லியே தீர வேண்டிய கடமை உள்ள சந்தர்ப்பங்கள் மட்டுமே விலக்கு. 1957-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டமும், பொருளின் தரத்துக்கான பொறுப்பை வியாபாரிகள் மீதுதான் பெரிதும் சுமத்துகிறது. தம் சொந்தப் பொருளை விற்கும் நம்மைப் போன்றவர்களிடம் வாங்குகிறவர், தாமே பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அதாவது, எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா அன்றிரவு சொன்னதற்குப் பக்கத்தில்தான் சட்டம் நிற்கிறது. அம்மா சொன்னது அநியாயம் என்று என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. பெற்ற பெண்ணின் படிப்புக்காகப் பேசினார்.

ஆனால் அப்பாவின் பக்கத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. அதை நான் புரிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. பராமரிப்பு என்றால் பளபளப்பு என்று நாம் நினைக்கிறோம். பளபளப்பை ஒரு டின் வார்னிஷ் கொடுத்துவிடும். பராமரிப்பு என்பது பழுது எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது. பழுது இல்லாத பழைய பொருள் உலகத்தில் கிடையாது. கருங்கடல் வரை போன அந்த ஆசிரியரின் படகுக்கே வழியெல்லாம் பழுது வந்தது என்று சொன்னேன் அல்லவா? ஆகவே "ஒரு பழுதும் இல்லை" என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்கிறார், அல்லது பொருளைச் சரியாகப் பார்த்ததே இல்லை. "இந்த இடத்தில் இந்தப் பழுது வந்தது, இப்படிச் சரி செய்தேன்" என்று சொல்பவர்தான் உண்மையில் பராமரித்தவர். அந்த அதிகாரியைத் திரும்பி வரச் செய்தது பளபளப்பு அன்று, எட்டுப் பக்க நோட்டுத்தான்.

இன்னொன்றும் உண்டு. மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராக் காற்று என்று ஒன்று அடிக்கும். பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் திடீரென்று கறுத்துக்கொண்டு வரும். நம் லயத்துத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு போகுமே, அதே காற்றுத்தான். அந்த நேரத்தில் சின்னப் படகு கவிழ்ந்தால், உள்ளே இருப்பவர்கள் நம்பியிருப்பது அந்தக் காற்றறைகளை. அப்பா கையை விட்டுப் பார்த்தது அந்த அறைக்குள். சிறுமி உட்கார்ந்திருந்தது அதன் மேல். மோட்டார் சைக்கிளின் கியரும் அப்படித்தானே? வாங்குகிறவர் தம் பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துத்தானே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வருவார்?

சரி, எதையாவது விற்கப் போகும் வாசகர்களுக்கு அந்தப் படகு கற்றுத் தந்த சில காரியங்களைச் சொல்லிவிடுகிறேன். விற்கும் முன் பொருளை நன்றாகக் கழுவிக் காயவையுங்கள், அழுக்கு இருந்தால் கீறல் தெரியாது. புதுப் பெயிண்ட் மட்டும் அவசரமாக அடிக்க வேண்டாம், வாங்க வருகிறவருக்கு அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். உறுப்புகளை எல்லாம் ஓரிடத்தில் சேர்த்து எண்ணி வையுங்கள். படகு என்றால் பாய், பாய்மரம், சுக்கான், துடுப்பு, நடுவில் இறக்கும் பலகை, காற்றறை அடைப்புகள். ஓர் அடைப்பு குறைந்தாலும் படகு கடலுக்குப் போக முடியாது. என்ன செலவு செய்தீர்கள் என்பதை ஒரு சின்னப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தால் அதைக் காட்டுங்கள். பழுதை நீங்களே முதலில் காட்டுங்கள். வாங்குகிறவர் கண்டுபிடித்துக் கேட்டால் நூறு வெள்ளி குறையும் இடத்தில், நீங்களே சொன்னால் ஐம்பதோடு நிற்கலாம். நிற்காமலும் போகலாம், என் அப்பாவுக்கு நிற்கவில்லை. கடைசியாக, சொன்ன பழுதையும் சேர்த்து இரண்டு பிரதி ரசீது எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். பின்னால் சண்டை வராது.

வாங்குகிறவராக இருந்தாலும் இதே வழிதான். எடையைப் பாருங்கள், தட்டிப் பாருங்கள், கையை உள்ளே விட்டுப் பாருங்கள். "இதில் என்ன பழுது?" என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்ட பிறகு பொய் சொன்னால், அது வேறு கணக்கு.

1993-இல் பள்ளி விடுமுறையில் நாங்கள் எல்லோரும் பஸ்ஸில் தெலுக் கெமாங் போயிருந்தோம். அப்பா சவுக்கு மரத்தடியில் பாயை விரித்துத் தூங்கிவிட்டார். தூரத்தில் ஒரு சிவப்புப் பாய் தெரிந்தது. கரைப்பக்கம் நெருங்கி வந்தபோது, "நம்பரைப் படிடா" என்றார் அம்மா. படித்தேன். பாயின் எண் எனக்கு மனப்பாடம், அதே எண்தான். அம்மா கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"நாலு தலை தெரியுது" என்றார். பிறகு வேகவைத்த கச்சானை உரித்துத் தங்கைக்குக் கொடுக்கத் தொடங்கினார். அப்பாவை எழுப்பவில்லை.

அதோடு அம்மா மனம் மாறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். அக்காளின் கல்யாணச் செலவுக் கணக்குப் பார்த்தபோதும், "அந்த 250 வெள்ளி மட்டும் அன்னிக்கு வந்திருந்தா" என்று சொல்லத்தான் செய்தார். அப்பாவும் பதில் பேசாமல் கேட்டுக்கொள்ளத்தான் செய்தார்.

மறுநாள் அந்த மாணவனின் தந்தை விளம்பரத்துக்காக வந்தார். இந்தக் கதையை அவருக்கும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "உங்கப்பா பெரிய மனுஷன் சார். ஆனா எனக்குப் பணம் இந்த வாரமே வேணும்" என்றார். இரண்டு விளம்பரம் எழுதிக் கொடுத்தேன். ஒன்றில் கியர் விஷயம் இருக்கிறது, மற்றொன்றில் விலையும் வண்டியின் ஆண்டும் மட்டும் இருக்கின்றன. "ஒரு பழுதும் இல்லை" என்று மட்டும் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

எதைச் சாப்பாட்டுக் கடையில் ஒட்டினார் என்று நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. அவர் இடத்தில் நீங்கள் இருந்தால் எதை ஒட்டுவீர்கள்? எழுதி அனுப்புங்கள். அம்மாவின் பக்கம் பேசுகிறவர்களும் தயங்காமல் எழுதலாம்.